சுற்றும் சக்கரமும் நம் கல்லாவும்

பௌர்ணமி என்றால் திருவண்ணாமலை வியாபாரிகளுக்கு அன்றிரவு தூக்கம் கிடையாது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் விடிய விடிய ஜனங்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். செங்கம் சாலையில் ரமணாசிரமம் பகுதியில் கடை வைத்திருப்பவர்களுக்கு அன்றைய வியாபாரம் பெரும்பாலும் பத்து ரூபாய், இருபது ரூபாய் வியாபாரம்தான். தண்ணீர் பாட்டில், கற்பூரம், வாழைப்பழம், பிஸ்கட் பாக்கெட் என்று சின்னச் சின்னதாக நூற்றுக்கணக்கான பேருக்குக் கொடுக்க வேண்டும்.

முன்பெல்லாம் சில்லறைக்குத் திண்டாடினோம். 2016-ல் யுபிஐ வந்த பிறகு அந்தத் திண்டாட்டம் பெரும்பாலும் தீர்ந்தது. அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. வாடிக்கையாளர் கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்கிறார். தொகையைப் போட்டு ரகசிய எண்ணை அழுத்துகிறார். செல்போன் திரையில் ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பிக்கிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. பணம் போய்விட்டதா, போகவில்லையா? அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். சிலர் மறுபடி ஸ்கேன் செய்கிறார்கள். சிலர் "போயிடுச்சுங்க" என்று சொல்லிவிட்டு நடக்கிறார்கள்.

அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது கம்ப்யூட்டர் படித்தவர்கள் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அல்ல. நம் உறுப்பினர்கள் பலர் இன்று கடைக்கென்று இணையதளம் வைத்திருக்கிறார்கள், செல்போனில் ஆர்டர் வாங்குகிறார்கள், பில்லிங் சாஃப்ட்வேர் வைத்திருக்கிறார்கள். சிலர் அறைகளை வாடகைக்கு விட்டு இணையத்தில் முன்பதிவும் எடுக்கிறார்கள். இவை எல்லாவற்றிலும் வேலை செய்வது ஒரே நுட்பம்தான். அதைச் சரியாகச் செய்தால் வியாபாரம் ஓடும். அரைகுறையாகச் செய்தால் பணம் இரண்டு தடவை வரும், அல்லது வராமலே சரக்கு போகும். இந்த நுட்பத்தில் கடைப்பிடிக்க வேண்டிய நல்ல வழக்கங்களை வணிகர்களின் கண்ணோட்டத்தில் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பக்கம் மாறாது, தகவல் மாறும்

ஆரம்ப காலத்து இணையதளங்களில் எதை அழுத்தினாலும் முழுப் பக்கமும் புதிதாக வர வேண்டும். ஒரு பொருளின் விலையைக் கேட்டால் திரை வெளுத்துப் போகும். பிறகு தலைப்பு, படம், பட்டியல் என்று எல்லாம் முதலிலிருந்து ஒவ்வொன்றாக வந்து சேரும். அதுவரை வாடிக்கையாளர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

நம் கடையை வைத்துப் பார்ப்போம். வாடிக்கையாளர் ஒருவர் பொன்னி அரிசி 25 கிலோ மூட்டை இருக்கிறதா என்று கேட்கிறார். கடையை இழுத்துப் பூட்டிவிட்டு முதலாளியே குடோனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி கடையைத் திறந்தால் எப்படி இருக்கும்? பழைய இணையதளங்கள் அப்படித்தான் வேலை செய்தன. விவரமுள்ள கடைக்காரர் என்ன செய்வார்? பையனைக் குடோனுக்கு அனுப்பிவிட்டு, அவன் வருவதற்குள் பருப்பையும் எண்ணெயையும் எடுத்து வைப்பார். பையன் வந்து "இருக்கு" என்று சொன்னதும் அரிசியையும் சிட்டையில் எழுதிக்கொள்வார். வியாபாரம் நிற்கவில்லை, பதில் மட்டும் பிறகு வந்து சேர்ந்தது. திரையில் இருக்கும் பக்கம் அப்படியே இருக்க, தேவையான தகவலை மட்டும் பின்னணியில் கேட்டு வாங்கி, அந்த இடத்தை மட்டும் மாற்றுவது இந்த வகைதான்.

இதற்கான முதல் கருவியை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் மின்னஞ்சல் தளத்துக்காக உருவாக்கியது. 1999-ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-ல் அது இடம்பெற்றது. 2004-ல் ஜிமெயிலும் 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸும் வந்தபோதுதான் உலகம் அதன் அருமையை உணர்ந்தது. வரைபடத்தை இழுக்க இழுக்க, பக்கம் மாறாமலே ஊர்கள் வந்துகொண்டிருந்தன. அதே பிப்ரவரி 2005-ல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்ற அமெரிக்கர் இந்த முறைக்கு 'அஜாக்ஸ்' என்று பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார். நம் தமிழ்நாட்டில் வேர்விட்டு வளர்ந்த ஜோஹோ நிறுவனம், அட்வென்ட்நெட் என்ற பெயரில் இருந்தபோதே, 2005-ல் ஜோஹோ ரைட்டர் என்ற எழுது செயலியை வெளியிட்டது. கம்ப்யூட்டரில் எதையும் நிறுவாமல், இணையப் பக்கத்திலேயே கடிதமும் அறிக்கையும் எழுத அது வழி செய்தது. இன்று பஸ் டிக்கெட்டில் இருக்கை தேர்ந்தெடுப்பதும், மளிகைச் செயலியில் கூடையில் பொருள் சேர்ப்பதும் இதே முறையில்தான் நடக்கின்றன.

குடோனுக்குப் போன பையன் வராவிட்டால்?

வசதி இருக்கும் இடத்தில் சிக்கலும் இருக்கும். பையனை அனுப்பினோம், அவன் வரவில்லை. வழியில் நின்றுவிட்டானா, குடோன் பூட்டியிருக்கிறதா, நாம் சொன்னது அவன் காதில் விழவில்லையா? அவன் வராத வரைக்கும் "இருக்கு" என்றும் சொல்ல முடியாது, "இல்லை" என்றும் சொல்ல முடியாது. இந்த மூன்றாம் நிலைக்கு 'நிலுவை' என்று பெயர். இதை ஒழுங்காகக் கையாளும் தளம் நல்ல தளம். இதை மறைக்கும் தளம் வியாபாரிக்கு நஷ்டம் வைக்கும்.

யுபிஐ ஏற்பாடே இந்த முறையில் அமைந்ததுதான். வாடிக்கையாளரின் செயலியிலிருந்து வேண்டுகோள் கிளம்புகிறது. நேஷனல் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் நடத்தும் மையத்துக்கு அது போனதும், "உங்கள் வேண்டுகோள் வந்து சேர்ந்தது" என்று ஓர் ஒப்புதல் மட்டும் உடனே வருகிறது. பிறகு மையம் வாடிக்கையாளரின் வங்கியில் பற்று வைக்கச் சொல்கிறது, நம் வங்கியில் வரவு வைக்கச் சொல்கிறது. இரண்டும் முடிந்த பிறகே உண்மையான பதில் திரும்புகிறது. சாதாரண நாளில் இவ்வளவும் சில வினாடிகளில் முடிந்துவிடும். பௌர்ணமி இரவில் ஒரே டவரின் கீழ் ஆயிரக்கணக்கான செல்போன்கள் இருக்கும்போது, இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே இழுத்துக்கொள்கிறது. வங்கியில் வேலை முடிந்து, பதில் மட்டும் செல்போனுக்கு வந்து சேராமல் நிற்பதும் உண்டு. சக்கரம் சுற்றுவதால் பணம் போகவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

2025 ஏப்ரல் 12 கற்றுத் தந்த பாடம்

2025 ஏப்ரல் 12-ம் தேதி சனிக்கிழமை நாடு முழுவதும் யுபிஐ பல மணி நேரம் தடுமாறியது. காரணத்தை ஆராய்ந்த நேஷனல் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் கண்டறிந்தது நாம் அனைவரும் கவனிக்க வேண்டியது. சில வங்கிகளின் கம்ப்யூட்டர்கள் "அந்தப் பணம் போனதா, போனதா" என்று நிலவரம் கேட்டு வேண்டுகோள்களை மையத்தில் கொட்டிவிட்டன. பழைய பரிவர்த்தனைகளைப் பற்றிக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தன. கேள்விகளின் சுமையிலேயே மையம் திணறியதால், பதில் சொல்ல வேண்டிய புதிய பரிவர்த்தனைகளும் நின்றுபோயின.

பையன் வரத் தாமதமானால் இன்னொருவனை அனுப்பி, அவனைத் தேடி மூன்றாமவனை அனுப்பி, குடோன் வாசலில் பத்துப் பேரை நிறுத்தினால், மூட்டை எடுத்துக்கொண்டு வெளியே வர வழி எங்கே இருக்கும்?

இதற்குப் பிறகு கட்டுப்பாடுகள் வந்தன. 2025 ஆகஸ்ட் முதல் ஒரு பரிவர்த்தனையின் நிலவரத்தை 3 தடவைக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் இடைவெளி விட்டே கேட்க வேண்டும் என்று வரம்பு வைக்கப்பட்டது. ஒரு செயலியில் ஒருவர் ஒரு நாளில் 50 தடவைக்கு மேல் இருப்புத் தொகை பார்க்க முடியாது என்பதும் அப்போது வந்ததுதான்.

நாடு தழுவிய ஏற்பாட்டுக்குப் பொருந்துவது நம் சிறிய கடையின் இணையதளத்துக்கும் பொருந்தும். ஆர்டர் வந்திருக்கிறதா என்று வினாடிக்கு ஒரு தடவை சர்வரைக் கேட்கும்படி புரோகிராம் எழுதிவிட்டால், ஐந்து வாடிக்கையாளர் இருக்கும்போது ஒன்றும் தெரியாது. தீபத் திருவிழா நேரத்தில் ஐநூறு பேர் வரும்போது சர்வர் படுத்துவிடும். நாள் முழுவதும் வராத ஆர்டர் அந்த ஒரு நாளில் வரும், அந்த ஒரு நாளில்தான் தளமும் நிற்கும்.

கடைப்பிடிக்க வேண்டிய வழக்கங்கள்

நம் தளத்தையோ சாஃப்ட்வேரையோ எழுதித் தருபவர் தெரிந்த பையனாக இருக்கலாம், பெரிய கம்பெனியாக இருக்கலாம். யாராக இருந்தாலும் பின்வருவனவற்றைக் கேட்டு வாங்குவது நம் உரிமை.

1. அழுத்தியது தெரிய வேண்டும். வாடிக்கையாளர் 'ஆர்டர் செய்' என்பதை அழுத்தியவுடன் அந்தப் பொத்தான் நிறம் மாறி, மறுபடி அழுத்த முடியாதபடி ஆக வேண்டும். "உங்கள் ஆர்டர் அனுப்பப்படுகிறது" என்ற ஒரு வரி வந்தால் போதும். ஒன்றுமே நடக்காததுபோல் பக்கம் சும்மா இருந்தால் மனிதர்கள் மறுபடி அழுத்தத்தான் செய்வார்கள்.

2. ஓர் ஆர்டருக்கு ஒரே எண். பொத்தானை முடக்கினால் மட்டும் போதாது. சிக்னல் விட்டுவிட்டு வரும்போது செல்போனே அதே ஆர்டரை இரண்டாம் தடவை அனுப்பிவிடலாம். ஆகவே ஆர்டர் கிளம்பும்போதே அதற்கு ஒரு தனி எண் இடப்பட வேண்டும். அதே எண்ணோடு இன்னொன்று வந்தால் சர்வர் அதைப் புதிதாகப் பதியாமல், "இது முன்பே வந்துவிட்டது" என்று பழைய பதிலையே திருப்பிச் சொல்ல வேண்டும். சிட்டை எண் 142 இரண்டு தடவை மேசைக்கு வந்தால் நம் கணக்குப்பிள்ளை இரண்டு தடவை பேரேட்டில் ஏற்றுவாரா? மாட்டார். அந்த வழக்கம்தான் இது.

3. காத்திருப்பதற்கு ஓர் எல்லை. சக்கரம் முடிவில்லாமல் சுற்றக் கூடாது. பத்து, பதினைந்து வினாடியில் பதில் வராவிட்டால், "பதில் இன்னும் வரவில்லை. ஆர்டர் பதிவாகியிருக்கலாம். மறுபடி அனுப்ப வேண்டாம். 'என் ஆர்டர்கள்' பகுதியில் பாருங்கள்" என்று தமிழில் தெளிவாகச் சொல்ல வேண்டும். "எரர் 500" என்று காட்டுவதால் யாருக்கு என்ன லாபம்?

4. கேட்பதில் நிதானம். நிலவரம் கேட்க வேண்டுமானால் முதலில் சில வினாடி, பிறகு இரண்டு மடங்கு, அதன் பிறகு இன்னும் இரண்டு மடங்கு என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சில தடவைக்குப் பிறகு நிறுத்திவிட வேண்டும். இதைவிட நல்ல வழி, நாம் போய்க் கேட்காமல் செய்தி வந்ததும் சர்வரே நமக்குச் சொல்வது. கல்லா மேசையில் இருந்துகொண்டு "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று அறிவிக்கும் ஒலிப்பெட்டி அப்படித்தான் வேலை செய்கிறது. அதற்குள்ளே தனி சிம் கார்டு இருக்கிறது. அது தானாகப் போய்க் கேட்பதில்லை, செய்தி வந்ததும் பேசுகிறது.

5. பழைய பதில் புதியதை அழிக்கக் கூடாது. தேடும் கட்டத்தில் வாடிக்கையாளர் 'க' என்று தட்டுகிறார். கடலை, கற்பூரம், கசகசா என்று தேட ஒரு வேண்டுகோள் போகிறது. தொடர்ந்து 'கடுகு' என்று முடிக்கிறார், அதற்கும் ஒரு வேண்டுகோள் போகிறது. இரண்டாவதற்குப் பதில் முதலில் வந்து கடுகு தெரிகிறது. பிறகு சாவகாசமாக முதல் பதில் வந்து சேர்ந்து, கடுகை அழித்துக் கற்பூரத்தைக் காட்டுகிறது. கடைசியாகக் கேட்டது எதுவோ அதன் பதிலை மட்டும் காட்டி, மற்றதை ஒதுக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் சர்வரைத் தொந்தரவு செய்யாமல், தட்டுவது நின்று கால் வினாடி, அரை வினாடி கழித்துக் கேட்பது இன்னும் நல்லது.

6. திரை வேறு, இருப்பு வேறு. வாடிக்கையாளர் பக்கத்தைத் திறந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். அப்போது ஒரு டின் நல்லெண்ணெய் இருந்தது, இப்போது இல்லை. அதே டின்னை இரண்டு பேர் ஒரே நேரத்தில் கூடையில் போட்டிருக்கவும் கூடும். தீபத் திருவிழாவுக்கு ஒரே அறையை இரண்டு குடும்பங்கள் பதிவு செய்துவிட்டு வாசலில் வந்து நிற்பதற்கும் காரணம் இதுவே. ஆர்டரை உறுதி செய்யும் அந்தக் கணத்தில் சர்வர் இருப்பை மறுபடி சரிபார்த்து, ஒருவருக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, அடுத்தவருக்கு "தீர்ந்துவிட்டது" என்று சொல்ல வேண்டும்.

7. விலையைச் சர்வர்தான் சொல்ல வேண்டும். பக்கம் வாடிக்கையாளரின் கையில் இருக்கும் பொருள். விவரம் தெரிந்தவர் அங்கிருந்து கிளம்பும் தகவலில் 180 ரூபாயை 18 ரூபாயாக மாற்றி அனுப்ப முடியும். பொருளின் பெயரையும் எண்ணிக்கையையும் மட்டும் வாங்கிக்கொண்டு, விலையைச் சர்வர் தன் விலைப்பட்டியலிலிருந்து போட வேண்டும்.

8. சுமை குறைவாக இருக்க வேண்டும். ஒரு விலை மாற்றத்தைச் சொல்லச் சில நூறு எழுத்துகள் போதும். அதற்காகப் படங்களோடு முழுப் பட்டியலையும் அனுப்பினால் விலை குறைந்த செல்போனும் பலவீனமான சிக்னலும் தாங்காது. கிராமத்திலிருந்து ஆர்டர் போடும் வாடிக்கையாளரை நினைத்துத் தளம் அமைக்க வேண்டும்.

9. எல்லோருக்கும் தெரிய வேண்டும். பக்கம் மாறாமல் ஒரு மூலையில் மட்டும் தகவல் மாறும்போது, பார்வைக் குறைபாடு உள்ளவருக்குப் படித்துக்காட்டும் மென்பொருள் அதைக் கவனிக்காமல் விட்டுவிடலாம். மாறிய பகுதியைப் படித்துச் சொல்லும்படி அறிவிப்புக் குறி வைக்க வழி இருக்கிறது. புரோகிராமர் மனம் வைத்தால் சில நிமிட வேலை. திரும்பும் பொத்தானை அழுத்தினால் தளத்தை விட்டே வெளியே போகாமல் முந்தைய பட்டியலுக்குப் போக வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக் கேளுங்கள்.

பணத்துக்கு மட்டும் தனி நியாயம்

சில தளங்கள் வேகமாகத் தெரிவதற்காக ஒரு தந்திரம் செய்கின்றன. பதில் வருவதற்கு முன்பே "முடிந்தது" என்று காட்டிவிடுகின்றன. பிறகு தோல்வி என்று தெரிந்தால் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்கின்றன. கூடையில் ஒரு பாக்கெட் உப்பைச் சேர்ப்பதற்கு இது பரவாயில்லை. பிடித்த பொருளுக்குக் குறி வைப்பதற்கும் பரவாயில்லை. பணத்துக்கும் ஆர்டர் உறுதிக்கும் இது கூடவே கூடாது. கல்லாவில் விழாத பணத்தை வரவு எழுதும் கணக்குப்பிள்ளையை நாம் ஒரு நாள்கூட வேலையில் வைத்திருக்க மாட்டோம்.

இதே நியாயம் கடை மேசையிலும் உண்டு. வாடிக்கையாளரின் திரையில் பச்சை டிக் தெரிவது நமக்கு அத்தாட்சி ஆகாது. பழைய ரசீதின் படத்தைக் காட்டுபவர்களும், பணம் செலுத்தியதுபோல் நடிக்கும் போலிச் செயலிகளை வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். நம் ஒலிப்பெட்டி, நம் செயலியின் வரவுப் பட்டியல், நம் வங்கிக் கணக்கு ஆகிய மூன்றில் ஒன்று சொன்னால்தான் வரவு. கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. "ஒரு நிமிஷம் இருங்கண்ணா, எங்களுக்கு வரட்டும்" என்று சிரித்த முகத்தோடு சொன்னால் நல்ல வாடிக்கையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பணம் வாடிக்கையாளர் கணக்கில் கழிந்து, நமக்கு உறுதி வராமல் போனால் என்ன செய்வது? ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கு வழி சொல்கிறது. யுபிஐ மூலம் வணிகருக்குச் செலுத்திய பணத்துக்கு உறுதி வராவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் அது தானாகவே வாடிக்கையாளர் கணக்குக்குத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் அவருக்கு இழப்பீடு தர வேண்டும். இந்த விவரத்தைக் கடைக்காரர் தெரிந்து வைத்திருந்து எடுத்துச் சொன்னால், மேசையில் நடக்கும் பாதி வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டு தடவை ஸ்கேன் செய்தால் அது இரண்டு தனிப் பரிவர்த்தனை. இரண்டும் வந்து சேரலாம். அப்படி வந்தால் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க நாமே முன்வர வேண்டும். இதற்காகக் கல்லாவில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வையுங்கள். நேரம், தொகை, என்ன பொருள், பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணில் கடைசி நான்கு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால் போதும். மறுநாள் காலையில் நிதானமாகச் சரிபார்க்கலாம். கிரிவலம் முடித்து ஊருக்குப் போனவர் இரண்டு நாள் கழித்துப் போன் செய்து கேட்டாலும் நம்மிடம் பதில் இருக்கும். வெளியூர்க்காரரின் இருபது ரூபாயைத் தேடித் திருப்பிக் கொடுத்த கடையை அவர் மறக்க மாட்டார். அடுத்த பௌர்ணமிக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார்.

நாமே செய்து பார்க்கும் ஐந்து சோதனைகள்

தளம் தயாராகிவிட்டது என்று சொல்லி மீதிப் பணத்தைக் கேட்டால் உடனே எண்ணிக் கொடுத்துவிட வேண்டாம். எடை போட்டு வாங்குவதுதான் நம் பழக்கம். இதற்கும் எடைக்கல் உண்டு.

முதலாவது, 'ஆர்டர் செய்' பொத்தானை வேகமாக மூன்று தடவை அழுத்துங்கள். ஓர் ஆர்டர் மட்டுமே பதிவாகியிருக்க வேண்டும்.

இரண்டாவது, பொத்தானை அழுத்திய உடனே செல்போனை ஏரோபிளேன் நிலைக்கு மாற்றுங்கள். திரை என்ன சொல்கிறது? சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். சிக்னலைத் திரும்பக் கொடுத்த பிறகு, ஆர்டர் போனதா இல்லையா என்பது தெளிவாகத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, ஒரே ஒரு பொருள் இருப்பு வைத்து, இரண்டு செல்போன்களில் ஒரே நேரத்தில் அதை வாங்கிப் பாருங்கள். ஒருவருக்கு மட்டும் கிடைக்க வேண்டும். மற்றவருக்குக் காரணம் தெரிய வேண்டும்.

நான்காவது, பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, கடைக் கம்ப்யூட்டரில் விலையை மாற்றுங்கள். பிறகு அந்தப் பழைய பக்கத்திலிருந்து ஆர்டர் போடுங்கள். புதிய விலையைக் காட்டி, வாடிக்கையாளரின் சம்மதம் கேட்ட பிறகே பில் போட வேண்டும். அவருக்குத் தெரியாமல் கூடுதல் விலை போடுவதும் தவறு, பழைய விலைக்கே கொடுத்து நாம் நஷ்டப்படுவதும் தவறு.

ஐந்தாவது, பௌர்ணமி இரவில் கூட்டத்துக்கு நடுவே நின்று, விலை குறைந்த செல்போனில் ஓர் ஆர்டர் போட்டுப் பாருங்கள். ஏசி அறையில் நல்ல இணைப்பில் ஓடுகிற தளம் செங்கம் சாலையிலும் ஓடினால்தான் நமக்குப் பயன்.

இந்த ஐந்துக்கும் கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை, ஒரு மணி நேரம் போதும். இவற்றில் தேறிய பிறகு பணம் தருகிறோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் மனஸ்தாபம் வராது.

சிறு கடைக்கு இது எதற்கு?

"இவ்வளவும் பெரிய கம்பெனிகளுக்குத்தானே, நமக்கு எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். பெரிய கம்பெனியில் ஓர் ஆர்டர் இரட்டித்துப் போனால் பதில் சொல்லத் தனி ஆட்கள் இருக்கிறார்கள், நஷ்டத்தைத் தாங்க முதலீடும் இருக்கிறது. நம்மிடம் இருப்பது அண்டை அயலாரின் நம்பிக்கை மட்டும்தான். ரமணாசிரமத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டினரும், தெருக்கோடி வீட்டு அம்மாவும் ஒரே நம்பிக்கையில்தான் நம்மிடம் வாங்குகிறார்கள். அங்கே ஒரு தடவை பணம் இரட்டிப்பாகக் கழிந்து சரியான பதில் கிடைக்காவிட்டால், அந்தப் பேச்சு சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் போய்விடும்.

பாட்டன் காலத்து வியாபார ஒழுங்கும் இதில் அடங்கியிருக்கிறது. வாங்கியதை வாங்கியதாகச் சொல்ல வேண்டும். வராததை வந்ததாக எழுதக் கூடாது. ஒரு சிட்டையை இரண்டு தடவை ஏற்றக் கூடாது. தெரியாததற்கு "கொஞ்சம் பொறுங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்ல வேண்டும். நாம் மேசையில் கடைப்பிடிப்பதையே நம் இணையதளமும் கடைப்பிடிக்கிறதா என்று பார்ப்பது கடைக்காரரின் பொறுப்பு. உறுப்பினர்கள் மேலே சொன்ன ஐந்து சோதனைகளையும் அடுத்த பௌர்ணமிக்கு முன்பே தங்கள் தளத்தில் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.